இடிந்த தூண்மேல் ஒருவன்

விளக்கை அணைத்ததும் ஹாலில் இருந்த அத்தனை பேரும் எதிரே கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார்கள். கன்னியப்பன் மட்டும் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். நாற்பத்தெட்டு வயசு, சர்க்கரை வியாதி, மகளைக் கட்டிக்கொடுத்துப் பேத்தியும் எடுத்தாயிற்று, இந்தக் கேட்டில் ஓரக்கண் பார்வை ஒன்றுதான் குறைச்சல். ஆனால் என்ன செய்வான்? அவள் எதைப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தாகவேண்டும். அக்கினி நட்சத்திரம் பிறக்க இரண்டு நாள் இருக்கிறது, வேலூர் வெயிலைச் சொல்லவும் வேண்டுமா, வெளியே தார் ரோடு இளகிக் கிடக்கிறது, உள்ளே முன்னாள் ராணுவத்தார் சங்கத்துக்காரர்கள் படம் தெளிவாய்த் தெரியவேண்டும் என்று ஜன்னலுக்கெல்லாம் பட்டாளத்துக் கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு இருட்டு. அந்த இருட்டில் முன்னாள் சிப்பாய்க் கிழவர்களும் புருஷன் திரும்பி வராத பெண்களுமாக நூறு பேர் மூச்சு. அவளை இங்கே அழைத்து வந்திருக்கவே கூடாது. கடுதாசி வந்தபோதே அடுப்பில் போட்டிருக்கவேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலி தேசத்தில் எடுத்த படம் லண்டனிலிருந்து வந்திருக்கிறது, அதில் ரோடும் பாலமும் போட்ட நம் சேப்பர் பட்டாளத்தார் இருக்கிறார்கள், குடும்பத்தார் நேரில் வந்து தங்கள் ஆளை அடையாளம் சொன்னால் பேரை எழுதி வைப்போம், முகத்தைப் பெரிதாகப் போட்டோ போட்டுச் சட்டம் அடித்துக் கொடுப்போம் என்று கடுதாசி. விலாசம்? ‘காலஞ்சென்ற நாயக் வஜ்ஜிரவேலுவின் மனைவி பூஷணம் அம்மாள்.’ வஜ்ஜிரவேலு கன்னியப்பனுக்குக் கூடப்பிறந்த அண்ணன். பூஷணம் கன்னியப்பனுக்குப் பெண்டாட்டி, இருபத்தாறு வருஷமாக. இரண்டும் உண்மைதான், இல்லையென்று யார் சொன்னது, ஆனால் இரண்டையும் இப்படி ஒரே வரியில் டைப் அடித்துத் தபால்காரன் கையில் கொடுத்தனுப்பினால் வயிறு எரியுமா எரியாதா? நாலு நாள் அதை அரிசி மில்லில் எண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். ஐந்தாம் நாள் சங்கத்து சுபேதார் தேசிங்கு பஸ் ஸ்டாண்டில் பூஷணத்தைப் பார்த்து, கடுதாசி வந்துச்சாம்மா என்று கேட்டுத் தொலைத்துவிட்டார். அவள் வீட்டுக்கு வந்து அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம். இன்றைக்குக் காலையில் அரக்குக் கலர் சேலையை எடுத்துக் கட்டினாள், இரண்டு முழம் மல்லிப்பூ வாங்கிவரச் சொல்லித் தலையில் வைத்தாள். அணைக்கட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது அந்தப் பூ வாசனை அவன் மூக்கிலேயே இடித்துக்கொண்டு வந்தது. யாருக்கு இந்தப் பூ என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, டிக்கெட் வாங்குகிற சாக்கில் முழுங்கிவிட்டான்.

துணியில் முதலில் இங்கிலீஷ் எழுத்து ஓடியது. அப்புறம் மழை பெய்கிற மாதிரி கோடு கோடாய் விழுந்தது, அந்த மழைக்குள்ளிருந்து தூண்கள் எழுந்தன. மேலே கூரை இல்லை, பக்கத்தில் சுவர் இல்லை, கொண்டை வெட்டின பனைமரங்கள் மாதிரி வரிசையாய் வெறும் தூண்கள். நடுவே அரைக்கால் சட்டையோடு பையன்கள். கறுத்த பையன்கள், நம்ம பையன்கள், அவர்கள் எதையோ சுமக்கிறார்கள், சிரிக்கிறார்கள், சத்தம் கேட்கவில்லை, மெஷின் கடகடப்புத்தான் கேட்கிறது. தேசிங்குக்கு உட்கார முடியவில்லை. எழுந்து நின்று கத்தினார்: “இது ரோமாபுரி ராஜா காலத்துக் கட்டடம்! ரெண்டாயிரம் வருசம்! நான் அங்கதான் இருந்தேன், அந்த மூணாவது தூணுக்குப் பின்னால!” பின்னாலிருந்து ஒருவர், “உக்காருய்யா சுபேதாரே, நீ தூணுக்குப் பின்னால இருந்தா நாங்க எப்படிப் பாக்கறது” என்றார், ஹால் முழுக்கச் சிரித்தது. பூஷணமும் சிரித்தாள். கன்னியப்பன் அதைக் குறித்துக்கொண்டான். வீட்டில் அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆகிறது? மூக்கு உடைந்த ஒரு கல் ராணியின் தலையில் எவனோ இரும்புத் தொப்பியை மாட்டிவிட்டு சல்யூட் அடிக்கிறான், அதற்கும் சிரித்தாள். சிரிக்கட்டும். அவள் கண் ஒவ்வொரு முகமாய்த் தொட்டுத் தொட்டுப் போகிறதே, அது சிரிப்புக்குப் போகிற கண் இல்லை. தேடுகிற கண். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவள் இப்படித்தான் பார்ப்பாள். பத்தொன்பது நாள் புருஷனுக்கா இந்தத் தேடல்? கலியாணமாகிப் பத்தொன்பதாம் நாள் அண்ணன் பெங்களூருக்கு ரயில் ஏறினான். அதில் மறுவீடு, விருந்து என்று அவள் அம்மா வீட்டில் போனது நாலு நாள், மிச்சம் பதினைந்து. பதினைந்திலும் பகலைக் கழித்துவிடவேண்டும், ஏனென்றால் புது மருமகள் மாமியார் எதிரே தலை நிமிர்ந்து புருஷனைப் பார்த்தால் அம்மா விளக்குமாற்றை எடுத்துவிடுவாள். இந்தக் கணக்கைக் கன்னியப்பன் இருபத்தாறு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறான், எத்தனை தரம் போட்டாலும் அவனுக்கு லாபமாக வரமாட்டேன் என்கிறது. பதினைந்து ராத்திரி என்றால் பதினைந்து ராத்திரிதானே. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயசு, முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பான், உள்ளே வளையல் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான், பொத்திக்கொண்டு, எப்போது விடியும் என்று கிடப்பான். விடிந்தால் அண்ணன் வெளியே வந்து வேப்பங்குச்சியை ஒடிப்பான். அண்ணனுக்குப் பல் விளக்க ஒரு மணி நேரம் வேண்டும், அதுவும் தரையில் நின்று விளக்க மாட்டான், கிணற்றுக் கட்டையோ வண்டி நுகத்தடியோ உசரமாய் ஒன்று வேண்டும், ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டே விளக்கி, கடைசியில் குச்சியை இரண்டாய்க் கிழித்து நாக்கு வழித்து, திரும்பிப் பார்க்காமல் இடது தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுவான். சின்ன வயசில் அதைப் பிடிக்கிறேன் என்று பின்னால் போய் நின்று கன்னியப்பன் புருவத்தில் வாங்கிய காயம் இன்னும் தழும்பாக இருக்கிறது. பூஷணத்துக்கு இதெல்லாம் தெரியாது. அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் புகையில் இருப்பாள். அண்ணனைப்பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்று தனக்குத் தெரியும் என்பதில் அவனுக்கு ஒரு திருப்தி இருந்தது. அற்பத் திருப்திதான்.

தந்தி வந்த அன்று அவன் தெருப் புழுதியில் விழுந்து புரண்டு அழுதான். பொய் அழுகை இல்லை, அண்ணன் என்றால் அவனுக்கு உயிர், அண்ணன் அனுப்பிய லெதர் பெல்ட்டை இடுப்பில் கட்டாமல் தலைமாட்டில் வைத்துப் படுத்தவன். ஆனால் அழுது புரளும்போதே, இனி அண்ணி என்ன ஆவாள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது அதோடு நிற்காமல், அந்த நினைப்புக்குப் பின்னாலிருந்து ஒரு சந்தோஷம், வளைக்குள்ளிருந்து எலி மூக்கை நீட்டுமே அப்படி, நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. ஒரே நொடி. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சாமியிடம்கூடச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அறுத்துக் கட்டுகிற வழக்கம் உண்டு, அண்ணன் போனால் தம்பி கட்டிக்கொள்ளலாம், யாரும் தப்பாகப் பேசமாட்டார்கள். இரண்டு வருஷம் பொறுத்து ஊரே கூடித் தாம்பூலம் மாற்றிக் கட்டி வைத்தது. ஆனால் அண்ணன் சாவைத் தம்பி காத்துக் கிடந்ததாக ஒரு பழமொழி உண்டே, அதைச் சொல்லாமலா இருப்பார்கள், பந்தலிலேயே மாமன் முறைக்காரன் ஒருவன் வெற்றிலையை மென்றுகொண்டு சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கன்னியப்பனும் சிரித்தான், உள்ளே அந்த எலி ஓடியது. நாலு வருஷமாய் ‘தம்பி, சாப்ட வா’ என்று கூப்பிட்டவள், கட்டிக்கொண்ட பிறகும் இரண்டு மாசம் வாய் தவறித் ‘தம்பி’ என்பாள், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அந்த வார்த்தை அவனைச் சுட்ட சூடு அவனுக்குத்தான் தெரியும். பென்ஷன் ஆபீசில் போய் நின்றால் அதைவிட மோசம். கொழுந்தனையே கட்டிக்கொண்டால் பென்ஷன் நிற்காது என்று பட்டாளத்துச் சட்டம், நல்ல சட்டம்தான், ஆனால் வருஷம் தவறாமல் அவள் ‘வஜ்ஜிரவேலு மனைவி’ என்று பெருவிரல் உருட்டும்போது மசிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் யார்? உயிரோடிருக்கிற புருஷன். செத்தவனோடு எப்படிச் சண்டை போடுவது? உயிரோடிருந்தால் அண்ணனுக்கும் தலை வழுக்கை விழும், பல் ஆடும், குடித்துவிட்டு வந்து திட்டுவான், அவளும் ஒரு நாள் சீ என்பாள். செத்தவன் சீ என்று சொல்ல இடம் கொடுப்பதில்லை. இருபத்துமூன்று வயசிலேயே நின்றுகொண்டு, உன்னால் முடிந்ததைப் பார் என்கிறான். தை அமாவாசைக்கு அண்ணனுக்குப் படைக்கிறபோதும் இவன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பான், என்ன சமைக்கிறாள், எதற்கு நெய் கூட ஊற்றுகிறாள் என்று. கத்தரிக்காயும் மொச்சையும் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைப்பாள், ஒரு வருஷம் தவறியதில்லை. அண்ணன் கத்தரிக்காயைத் தொடமாட்டான், தொட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகும். கன்னியப்பன் அவளிடம் அதைச் சொன்னதே இல்லை. இலையில் கத்தரிக்காய் விழுவதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வான். அப்புறம் அந்தப் போட்டோ. கப்பல் ஏறுமுன் பெங்களூரில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்து அனுப்பியது, ஒரே போட்டோ, கூடத்தில் ஆணியில் தொங்கியது. கட்டிக்கொண்ட புதிதில் அவன் அவளைத் தொட்டுப் பேசினால் அது மேலேயிருந்து பார்க்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறேன் என்று கழற்றினான். கண்ணாடி விரிசல் விட்டிருக்குது, மாத்தி மாட்டறேன் என்று பரண்மேல் போட்டான். அவள் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. நாலு மழைக்காலம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஓட்டு ஒழுக்கு இறங்கி, முகம் கண்ணாடியோடு ஒட்டிக் கரைந்துபோய், பூட்ஸும் முக்காலியைப் பிடித்த ஒரு கையும்தான் மிச்சம். மறுபடி பரணிலேயே வைத்துவிட்டான். அன்றைக்கும் அந்த எலி மூக்கை நீட்டியது.

இப்போது அவளுக்கு அந்த முகத்தை லண்டன்காரன் திருப்பிக் கொடுக்கப்போகிறான், சட்டம் அடித்து! கூடத்தில் அதே ஆணி இன்னும் இருக்கிறது. இதை நினைத்துக்கொண்டே ஒரு நொடி துணிப்பக்கம் திரும்பியவன் திரும்பியபடியே இருந்துவிட்டான். மூன்று தூண்கள் நிற்கின்றன, நாலாவது விழுந்து கிடக்கிறது, அதன்மேல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டு. அந்த ஊரில் வேம்பு ஏது, ஏதோ பொடி இலை மரம், அதிலிருந்து குச்சி ஒடித்துப் பல் விளக்குகிறான். சுற்றிலும் ரோமாபுரி ராஜாக்களின் சாம்ராஜ்யம் இடிந்து கிடக்க, கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறான் கடங்காரன். படம் எடுக்கிறவனைப் பார்த்து நுரையோடு சிரித்தான். குச்சியைக் கிழித்தான், நாக்கு வழித்தான், திரும்பிப் பார்க்காமல் இடது தோளுக்கு மேலாக வீசினான். கன்னியப்பனின் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது, புருவத்தைக் காப்பாற்றிக்கொள்ள. அண்ணன். பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். இவ்வளவு சின்னப் பையனா அண்ணன்? ஆரணியில் இருக்கிற மருமகனைவிடச் சின்னவனாக இருக்கிறானே! மலைமாதிரி நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் மோதியது இந்தப் பையனோடா? நெஞ்சு அடித்துக்கொண்டது. அது பாசமா பயமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, திரும்பி அவளைப் பார்த்தான். வெள்ளைத் துணியின் வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்துகொண்டிருந்தது, அண்ணன் சட்டையின் வெளிச்சம். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “தண்ணி கொண்டாந்தீங்களா?” என்றாள். பையிலிருந்து சொம்பை எடுத்துக் கொடுத்தான். அண்ணாந்து குடித்தாள். அதற்குள் தூண் போய், அண்ணன் போய், வேறு ஏதோ ரோடு வந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை! கண்ணெதிரே உட்கார்ந்து பல் விளக்கியவனை அவளுக்குத் தெரியவில்லை. கன்னியப்பனுக்கு எழுந்து குதிக்கவேண்டும் போலிருந்தது. ஜெயித்துவிட்டான். பரணும் மழையும் அவன் பக்கம் நின்று ஜெயிக்க வைத்துவிட்டன. இப்போதுதான் முதல்முதலாகப் படத்தைப் படமாகப் பார்த்தான். ஒரு பட்டணம், குண்டு விழுந்த பட்டணம், வீடுகளுக்கு முன்சுவர் மட்டும் இல்லை, மாடியில் ஒரு கட்டில் பாதி வெளியே தொங்குகிறது, மெத்தை விரிப்புக்கூடக் கலையவில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் வாசல் பெருக்குகிறாள், வாசல் இருக்கிறது, பின்னால் வீடு இல்லை. தேசிங்கு மறுபடி எழுந்தார்: “மின்னாடி பாத்தது ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி இடிஞ்சது, இது முந்தாநாள் இடிஞ்சது. பாத்தா ஒண்ணுமாதிரிதான் இருக்கும்!” இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் பெருக்கிக்கொண்டே இருந்தாள். கன்னியப்பன் அவளுக்காகப் பாவப்படத் தொடங்கினான், ஜெயித்தவனுக்கு எல்லோர்மேலும் பாவம் வரும், அப்போதுதான் பூஷணம் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதியப் பிடித்தாள். “தோ” என்றாள். “தோ, தோ கீறாரு. பலகை தூக்கினு போறாரே, அவருதான்.”

யாரைப் பார்த்தாள் என்று அவன் தேடுவதற்குள் படம் முடிந்து வெள்ளையாய் எரிந்தது, விளக்கைப் போட்டுவிட்டார்கள். பூஷணம் எழுந்து தேசிங்கிடம் போய்விட்டாள். இப்படி விறுவிறு என்று நடக்கக்கூடியவளா இவள், மூட்டு வலி என்று கோயில் படி ஏறமாட்டாளே! பெங்களூரிலிருந்து படத்தைக் கொண்டுவந்த கேப்டன், மீசை சரியாய் முளைக்காத சின்ன வயசுக்காரர், நோட்டைத் திறந்தார். “சந்தோஷம்மா. மறுபடி ஓட்டச் சொல்றேன். உங்க ஆளு வந்ததும் குரல் குடுங்க, நிறுத்துவோம்.” மெஷின்காரர் மட்டும், “நிறுத்தினா ரொம்ப நேரம் தாங்காது சார், லைட்டுச் சூட்டுல பிலிம் பொசுங்கிடும், சட்டுனு பாத்துக்கணும்” என்றார். பூஷணம் தலையாட்டினாள். முன் வரிசையில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள், அவளுக்குப் பக்கத்தில் கன்னியப்பனுக்கும் ஒன்று. மறுபடி இருட்டு, மறுபடி மழை, மறுபடி தூண்கள். இப்போது அவனுக்கு எல்லாம் முன்னமே தெரியும். தொப்பி போட்ட கல் ராணி வருவாள், அப்புறம் விழுந்த தூண் வரும், அண்ணன் வருவான். அண்ணன் வரும்போது வாயைத் திறந்தால் ஆச்சு, திறக்காவிட்டால் வேறு எவனோ ஒருத்தன் பெயரெழுதிச் சட்டத்துக்குள் போய் ஆணியில் தொங்குவான், அண்ணன் இந்தத் தூண்மேல் யாரென்றே தெரியாத ஆளாய் உலகம் உள்ளமட்டும் பல் விளக்கிக்கொண்டு கிடப்பான். அப்பா போய்விட்டார், அம்மா போய்விட்டாள், தேசிங்கு வேறு கம்பெனி, அண்ணனைப் பார்த்ததே இல்லை. இந்த முகத்தைத் தெரிந்த ஆள் உலகத்தில் இப்போது ஒருத்தன்தான், அவன்தான் அந்த முகத்தைப் பரண்மேல் போட்டவன். சொல்லாதே என்றது உள்ளே. யார் என்ன கேட்கப்போகிறார்கள், எவனோ தொங்கட்டும், எவனாவது ஒருத்தனைப் பார்த்துப் பொறாமைப்பட முடியுமா, நிம்மதியாய் இருக்கலாம், சாகும்வரை நிம்மதி. தூண் வந்தது. அண்ணன் காலாட்டினான். சிரித்தான். கன்னியப்பன் வாயை இறுக்கிக்கொண்டான். குச்சி தோளுக்கு மேலே பறந்தது, போய்விட்டது. மூச்சை விட்டான். நெஞ்சுக்குள் எலி மூக்கை நீட்டும் என்று பார்த்தான், நீட்டவில்லை.

பட்டணம் வந்தது, கட்டில் தொங்கியது, பெண் பெருக்கினாள். “நிறுத்துங்க!” என்றாள் பூஷணம். மெஷின் நின்றது. பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன் திரும்பிப் பார்க்கிறான். பூஷணம் எழுந்துபோய்த் துணியில் அவன் கன்னத்தைத் தொட்டாள், துணி நெளிந்து அந்தக் கன்னமும் நெளிந்தது. “இவருதான்” என்றாள், குரல் உடைந்துவிட்டது. கன்னியப்பன் பார்த்தான். நீள முகம். தாடையில் ஒரு பள்ளம். இடது காது கொஞ்சம் மடங்கினாற்போல. எங்கேயோ பார்த்த முகமாயிருக்கிறதே, எங்கே, எங்கே என்று ஒரு நொடி தவித்தான், அப்புறம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடியில். இருபது வருஷத்துக்கு முன் தினம் தினம் சவரக் கண்ணாடியில் பார்த்த முகம். அவன் முகம்தான் அது. அண்ணன் ஜாடை அம்மா ஜாடை, உருண்டை முகம், இவன் அப்பா ஜாடை, ஊரில் யாரும் இருவரையும் அண்ணன் தம்பி என்றே சொல்லமாட்டார்கள். அந்தப் பலகைக்காரன் எந்த ஊர்ப் பையனோ, தற்செயலாய்க் கன்னியப்பனை உரித்து வைத்தாற்போல இருக்கிறான், அவனைப்போய் இவள் தன் முதல் புருஷன் என்கிறாள், கண்ணில் தண்ணீரோடு சொல்கிறாள், பொய்யில்லாமல் சொல்கிறாள். போட்டோ போன பிறகு அவள் மனசில் இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாய் அழிந்திருக்கிறது, அழிந்த இடத்தில் தினம் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனின் முகம் போய் உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கே தெரியாது. கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட கருவாட்டுக் குழம்பு யாருக்குப் பிடிக்கும்? கன்னியப்பனுக்குத்தான் பிடிக்கும். இத்தனை வருஷம் அண்ணன் இலையில் அவள் இவனுக்குத்தான் படைத்திருக்கிறாள். இந்த மல்லிப்பூவும் இவனுக்குத்தான், இந்தக் கண்ணீரும் இவனுக்குத்தான். எவனோடு மல்லுக்கட்டி எலும்பு தேய்ந்தானோ அவன் அந்த வீட்டில் இல்லவே இல்லை, எப்போதோ துரத்தியாயிற்று, வெறும் ஆணியோடு சண்டை போட்டிருக்கிறான் மடையன். சந்தோஷப்படவேண்டியதுதானே? ஆனால் அண்ணனுக்கென்று உலகத்தில் ஒரு பெண் பத்தொன்பது நாள் இருந்தாள், அவள் மனசில்கூட அவனை இருக்க விடவில்லையே இந்தத் தம்பிப் பாவி. “நீங்க தம்பிதானே?” என்று கேப்டன் கன்னியப்பன் பக்கம் திரும்பினார், பேனா நோட்டின்மேல் நின்றது. “நீங்க சொல்லுங்க, இவர்தானே உங்க அண்ணன்? எழுதிடவா?” மெஷின்காரர், “சீக்கிரம் சார், சூடு ஏறுது” என்றார். பூஷணம் துணி ஓரத்தில் நின்று அவனையே பார்த்தாள். அவள் முகம் பாதி வெளிச்சமும் பாதி பலகையின் நிழலுமாகக் கிடந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. “இல்ல” என்றான் கன்னியப்பன். குரல் அவனுடையதாகவே இல்லை, புருவத்தில் அடிபட்டு அலறின சின்னப் பையன் குரல் போலிருந்தது. “இவரு இல்ல சார். பின்னாடி ஓட்டுங்க. தூணு வரிக்கும் ஓட்டுங்க.”

மெஷினைப் பின்னோட்டமாய் ஓட்டினார்கள். பலகைக்காரன் பின்னாலேயே நடந்து போய் மறைந்தான். பெருக்கின பெண் குப்பையை மறுபடி வாசலில் பரப்பினாள். யாரோ சிரிக்க வாயெடுத்து, சூழ்நிலை தெரிந்து அடங்கினார்கள். தூண்கள் வந்தன. விழுந்த தூணுக்குப் பின்னால் தரையிலிருந்து குச்சி ஒன்று எழும்பிப் பறந்து வந்து, தோளைத் தாண்டி, அண்ணன் கையில் தானாய் வந்து உட்கார்ந்தது, கிழிந்தது ஒட்டிக்கொண்டு மறுபடி வாய்க்குப் போனது. கன்னியப்பன் ஒரு கையால் புருவத்தைத் தொட்டுக்கொண்டு, “நிறுத்துங்க” என்றான். நின்றது. அண்ணன் வாயில் குச்சியோடு, நுரையோடு, சிரித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான், ஒரு கால் ஆடப்போய் அந்தரத்தில் அப்படியே. பூஷணம் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. அப்புறம் திரும்பி, பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரரைப்பற்றிக் கேட்கிற மாதிரிச் சின்னக் குரலில், “யாருங்க இது?” என்று கேட்டாள். இருபத்தாறு வருஷமாய் வாயில் வராத வார்த்தையை அவன் சொல்லவேண்டியிருந்தது. “உன் வூட்டுக்காரரு” என்றான். “வஜ்ஜிரவேலு. எங்க அண்ணன்.” கேப்டன் எழுதுகிற சத்தம் கேட்டது. மெஷின்காரர் ஏதோ சொன்னார். அண்ணனுடைய தொங்குகிற காலுக்குப் பக்கத்தில் பழுப்பாய் ஒரு புள்ளி தோன்றிப் பெரிதாகத் தொடங்கியது, பட்டென்று விளக்கை நிறுத்திவிட்டார்கள். துணி வெறும் துணியாயிற்று. பூஷணம் அந்த இருட்டில் அங்கேயே நின்றாள். கம்பளியின் ஓட்டை வழியாய் வந்த ஒரு விரல் அகல வெயிலில் அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிப் போர்த்திக்கொண்டதை அவன் பார்த்தான். புது ஆம்பிளை எதிரே வந்து நின்றுவிட்ட மாதிரி, தலையைக் குனிந்துகொண்டாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் காதோரத்தில், வெட்கத்தோடு, ஆமாம் வெட்கத்தோடுதான், இத்தனை வருஷத்தில் அவனிடம் ஒரு நாளும் காட்டாத வெட்கத்தோடு, “நல்லாத்தான் இருந்துகிறாரு” என்றாள். கன்னியப்பனுக்கு வயிறு மறுபடி எரிய ஆரம்பித்தது.